படுவான்கரையில் ஒரு குரவைச் சத்தம்

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள் உண்டு. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. சூரியன் படும் பக்கம் படுவான்கரை. நகரமும் கடைத்தெருவும் பெரிய ஆஸ்பத்திரியும் எழுவான்கரையில் இருக்கின்றன. வயலும் குளமும் மாட்டுப்பட்டிகளும் படுவான்கரையில் விரிந்து கிடக்கின்றன. நகரத்துக்குச் சோறும் தயிரும் வருவது அந்தக் கரையிலிருந்துதான்.

2025 சித்திரையில் அங்கு போய்வரும் சந்தர்ப்பம் கிடைத்தது. என்னோடு படித்த தோழி ஒருத்தி படுவான்கரையில் ஆசிரியையாக இருக்கிறாள். “எங்கட ஊர்ப் பெத்தாமார் கிழமைக்கு ஒருநாள் கூடிப் பாடுறாங்க, பாய் இழைக்கிறாங்க, பிரசரும் பாக்கிறாங்க. ஒருக்கா வந்து பாரன்” என்று பல தடவை அழைத்திருந்தாள். பெத்தா என்பது எங்கள் பக்கத்தில் பாட்டியைக் குறிக்கும் சொல். பாட்டும் பாயும் சரி. பிரசருக்கு அங்கே என்ன வேலை என்று அறியும் ஆவலில் புறப்பட்டேன்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே போகும் பஸ், கல்லடிப் பாலத்தைத் தாண்டி, பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும் காத்தான்குடியைத் தாண்டி, ஆரையம்பதிக்கு வருகிறது. அதற்கு அப்பால் மேற்கே திரும்பினால் மண்முனைத்துறை. இன்று அங்கே நீண்ட பாலம் இருக்கிறது. ஜப்பானிய உதவியோடு கட்டப்பட்டு 2014 சித்திரையில் திறக்கப்பட்ட பாலம் அது. அதற்கு முன்னர் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் அது வரும்வரை காத்திருக்க வேண்டும். தவறினால் வலையிறவுப் பக்கமோ பட்டிருப்புப் பக்கமோ சுற்றிப் போக வேண்டும். பிள்ளைப்பேற்று நோவோடும் நெஞ்சு வலியோடும் அந்தத் துறையில் காத்திருந்தவர்களின் கதைகள் படுவான்கரையில் வீட்டுக்கு வீடு உண்டு. “உசிர் போற அவசரமெண்டாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போற” என்ற பழக்கம் இங்கே எப்படி வந்தது என்பதை விளங்கிக்கொள்ள அந்தத் துறையை ஒருமுறை பார்த்தால் போதும்.

பாலத்தைக் கடந்தால் கொக்கட்டிச்சோலை. கல்நந்தி புல் தின்ற கதையால் பேர்பெற்ற தான்தோன்றீஸ்வரர் ஆலயம் இங்கேதான். ஆலயத்தைத் தாண்டிப் போகும் வீதிகளில் ஊர்கள் கிளை கிளையாகப் பிரிகின்றன. கண்ணகி அம்மன் கோயில்களும் கூத்துக் களரிகளும் இல்லாத பக்கம் இல்லை என்று சொல்லலாம். இந்த மண் அனுபவித்த துயரங்களும் அதிகம். 1987 தையிலும் 1991 ஆனியிலும் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பக்கங்களில் நடந்த படுகொலைகளை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டி நிற்கும் பெண்களில் பலர் அந்தக் காலத்தில் இளம் வயதில் தனித்துப்போய், வயலில் கூலிக்கு நின்று பிள்ளைகளை வளர்த்தவர்கள். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டபடியால் நான் அதை இங்கே குறிப்பிடவில்லை.

புதன்கிழமைப் பின்னேரம்

கூடுமிடம் ஊரின் பல்தேவைக் கட்டடம். முன்னால் ஒரு வேம்பு. நாங்கள் போய்ச் சேரும்போது இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் வந்திருந்தார்கள். சிலர் நிலத்தில் அமர்ந்து பன் பாய் இழைத்துக்கொண்டிருந்தார்கள். குந்தியிருக்க முடியாதவர்கள் கதிரையில் இருந்து பன்னைத் தெரிந்து, நிறம் பிரித்துக் கொடுத்தார்கள். பாய் விற்ற காசில் ஒரு பகுதி இழைத்தவருக்கு. மற்றப் பகுதி சங்கத்துக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் காசு இல்லாதவருக்கு அந்தப் பணம் உதவுகிறது.

ஊர்தோறும் முதியோர் சங்கங்கள் இருப்பதை வாசகியர் அறிவீர்கள். முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2000 ஆம் ஆண்டில், 9 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை கிடைக்கிறது. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்போதே நாட்டில் 100 பேரில் 12 பேருக்குமேல் 60 வயதைக் கடந்திருந்தார்கள். அந்தத் தொகை வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. பல ஊர்களில் சங்கம் என்பது மாதத்துக்கு ஒரு கூட்டமும் வருடத்துக்கு ஒரு முதியோர் தினமுமாக நின்றுவிடுகிறது. இந்த ஊர்ப் பெண்கள் அதைக் கிழமைக்கொரு கூடலாக மாற்றியிருக்கிறார்கள்.

பாய் இழைப்பு ஒரு மணித்தியாலம். பிறகு பாட்டு. ஊஞ்சல் பாட்டு, நெல்லுக் குத்தும்போது பாடுவது, பிள்ளை உறங்கப் பாடுவது என ஒவ்வொருவரிடமும் ஒரு களஞ்சியம் இருக்கிறது. ஒருவர் மறந்த அடியை மற்றவர் எடுத்துக் கொடுக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பேத்திமார் அவற்றைக் கொப்பியில் எழுதுகிறார்கள்.

கடைசி அரை மணித்தியாலம் ஆட்டம். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை மரபாக ஆண்களே ஆடிவந்தார்கள்; பெண் வேடத்தையும் அவர்களே தரித்தார்கள். ஆனால் களரியைச் சுற்றி விடியவிடிய விழித்திருந்த பெண்களுக்குத் தாளம் முழுவதும் மனப்பாடம். ஊரின் முதிய அண்ணாவியார் ஒருவர் மத்தளத்தோடு வந்து அமர்கிறார். எளிய சில மிதிகளை அவர் சொல்லிக் கொடுக்க, பெண்கள் வட்டமாக நின்று ஆடுகிறார்கள். நிற்கத் தெம்பில்லாதவர்கள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றுகிறார்கள். அதுவும் இயலாதவர் இருந்தபடியே சல்லாரி தட்டுகிறார்.

“நாங்க என்ன அரங்கேற்றமா செய்யப்போறம்? முழங்கால் இறுகாம இருந்தாப் போதும் மனே” என்றார் 74 வயதுப் பெத்தா ஒருவர். அவர் சொன்னது சரியான வைத்தியம்தான். வயது போனவர்களை முடக்கிப் போடும் காரணங்களில் விழுகை முக்கியமானது. கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தால் பழையபடி நடமாடுவது பலருக்கு முடிவதில்லை. சமநிலையைப் பழக்கும் உடற்பயிற்சிகள் விழுகைகளை ஏறத்தாழ கால்பங்கு குறைக்கின்றன என்று 2019 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு காலில் பாரத்தை வைத்து மறுகாலைத் தூக்கி மிதிக்கும் கூத்தாட்டத்தில் அந்தப் பயிற்சி இருக்கிறது.

சேலைத் திரைக்குப் பின்னால்

மாதத்தின் முதற் புதன்கிழமையில் கட்டடத்தின் ஒரு மூலையில் சேலையால் திரை கட்டுகிறார்கள். அன்று ஊரின் குடும்பநல உத்தியோகத்தர் வருகிறார். பிரசர் பார்க்கும் கருவி, நிறுவைத் தராசு, இடுப்பளக்கும் நாடா, ஒரு ரோச் லைற். இவ்வளவுதான் சாமான். இங்கே பார்ப்பது முதற் சோதனை மட்டும். ஏதாவது பிழையாகத் தெரிந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ வைத்தியசாலைக்கோ துண்டு எழுதிக் கொடுக்கிறார்.

நான் போனது அப்படியொரு புதன்கிழமை. வரிசையில் நானும் நின்றேன். எனக்கு 138 க்கு 88 என்று காட்டியது. 140 க்கு 90 என்பது உயர் குருதியமுக்கத்தின் எல்லை என்றும், நான் எல்லைக்குப் பக்கத்தில் நிற்பதாகவும், உப்பைக் குறைத்து மூன்று மாதத்தில் திரும்பவும் பார்க்க வேண்டுமென்றும் சொன்னார். தலையிடியோ தலைச்சுற்றோ எதுவும் எனக்கு இருக்கவில்லை. “அதுதான் இந்த வருத்தத்தின்ட குணம். உள்ளுக்கு இருந்துகொண்டு சத்தம் போடாது” என்றார் அவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகுதான் பலருக்கு, தங்களுக்குப் பல வருடங்களாகப் பிரசர் இருந்தது தெரியவருகிறது.

இடுப்பளவைப் பற்றியும் ஒரு பாடம் நடந்தது. ஆசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டால் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் இடமுண்டு என்று சொல்லி நாடாவில் அந்த இடத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார்கள். நூலைத் தாண்டியவர்கள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். தாண்டாதவர்கள் அதைவிட உரக்கச் சிரித்தார்கள்.

நாற்பதுகளில் இருந்த மருமக்கள் இருவர் பெத்தாமாரோடு துணைக்கு வந்திருந்தார்கள். அவர்களிடம் குடும்பநல உத்தியோகத்தர் சுகவனிதையர் கிளினிக் பற்றிக் கேட்டார். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். முன்பு ஒரு இடத்தில் சோதனைக்குப் போனபோது, சேலையைச் சரிசெய்யக்கூட நேரம் தராமல் ஏசினார்களாம். அன்றிலிருந்து போகவில்லையாம். “அது நடந்திருக்கக் கூடாது. இந்தத் தடவை நான் பக்கத்தில நிக்கிறன்” என்று அவர் மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண் உடனே ஆமென்று சொல்லவில்லை. ஆனால் திகதியைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

சுகவனிதையர் கிளினிக்குகள் எங்கள் நாட்டில் 1996 இல் ஆரம்பமானவை. 35 வயதைக் கடந்த பெண்களுக்கு அங்கே பிரசர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பரிசோதிக்கிறார்கள். கட்டணம் இல்லை. கருப்பைக் கழுத்துச் சோதனையை முக்கியமாக 35 வயதிலும் 45 வயதிலும் செய்துகொள்ளும்படி அழைக்கிறார்கள். காரணமான வைரஸ் தொற்றியதிலிருந்து புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருடங்கள் எடுக்கின்றன. அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம். 2017 முதல் பாடசாலைகளில் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்கு அந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசியும் போடப்பட்டு வருகிறது. ஆண்களும் பெண்களும் போகக்கூடிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. அங்கே சீனி, கொழுப்பு, பிரசர், உடல் நிறை ஆகியவற்றோடு வாயையும் பார்க்கிறார்கள்.

வாய் என்று சொன்னேன். அந்த ரோச் லைற் அதற்குத்தான்.

குரவை சுருங்கிய கதை

அந்தக் கூட்டத்தில் குரவைக்குப் பேர்போன பெத்தா ஒருவர் இருக்கிறார். வயது 68. குரவை என்பது நல்ல காரியங்களிலும் கோயிலிலும் பெண்கள் நாக்கை அசைத்து எழுப்பும் மங்கல ஒலி. வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடும்போது அவருடைய குரவைதான் முதலில் எழும்புமாம். அடுத்த ஊருக்கும் கேட்கும் என்பார்கள்.

சில மாதங்களாக அந்தக் குரவை சரியாக எழும்பவில்லை. “உங்கட குரவ வரவரச் சுருங்குது பெத்தா” என்று பேத்திமார் பகிடி பண்ணினார்கள். வயது போனால் சத்தமும் போகும் என்று அவரும் விட்டுவிட்டார். பக்கத்தில் நின்று பல வருடங்களாகக் குரவை போடும் அவருடைய மச்சாளுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. சத்தம் தேயவில்லை, வாய் திறபடவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். அன்று மத்தியானச் சாப்பாட்டிலும் அந்தப் பெத்தா உறைப்புக் கறிகளை ஒதுக்கிவிட்டுத் தயிரும் சோறும் மட்டும் சாப்பிட்டதை நான் கண்டேன். கேட்டதற்கு, “மிளகாய் பட்டா வாய் எரியுது மனே” என்றார்.

மச்சாள்தான் அவரைக் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். குடும்பநல உத்தியோகத்தர், அவருடைய கையின் நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்கச் சொன்னார். சுகமான வாய்க்குள் மூன்று விரல்களும் போகும். பெத்தாவுக்கு ஒன்றரை விரல்கூட வசதியாகப் போகவில்லை. லைற் அடித்துப் பார்த்தபோது கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார்போல இறுகியிருந்தது. ஒரு பக்கத்தில் வெள்ளைப் படலமும் இருந்தது.

இது பாக்குப் போடுவதால் வரும் நோய். வாயின் உட்தோல் மெல்ல மெல்ல நார்த்தன்மையாகி இறுகும். அது புற்றுநோயல்ல. ஆனால் கவனியாமல் விட்டால் சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடும். புகையிலை சேர்க்காமல் வெற்றிலை போட்டால் பாதகமில்லை என்று எங்களில் பலர் நினைக்கிறோம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில், பாக்கும், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும்கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று தெளிவாகக் கூறியிருக்கிறது.

பெத்தா துண்டை வாங்க மறுத்துவிட்டார். “வைகாசிக் குளுத்தி முடியட்டும். அதுக்குப் பிறகு பாப்பம்” என்றார். அவருக்குப் பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் வாயை வெட்டிவிடுவார்கள் என்ற பயம். வேறொரு காரணமும் இருந்தது. மகள் மத்திய கிழக்கில் வேலை செய்கிறாள். பதினொரு வயதுப் பேத்தி இவருடைய பொறுப்பில். “நான் ஆஸ்பத்திரியில கிடந்தா இவளை ஆர் பாக்கிற?”

வெற்றிலையை ஏன் பழகினார் என்றும் சொன்னார். இளம் வயதில் கணவரை இழந்து வயலில் களை பிடுங்கப் போன நாட்களில், இருந்த சோற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பசி தெரியாமலிருக்க வாய்க்குள் வெற்றிலையை அடக்கிக்கொள்வாராம். அதைக் கேட்ட பிறகு அங்கிருந்த ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை.

பாய் இழைப்பதை நிறுத்திவிட்டுப் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். எனக்கு அதிசயமாக இருந்தது அந்தப் பேச்சு. அறிவுரை இல்லை. யார் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது, யார் ஆட்டுக்குக் குழை வெட்டிப் போடுவது, யார் துணைக்குப் போவது என்று ஒவ்வொன்றாகப் பங்கிட்டார்கள். பாய்க் காசிலிருந்து பஸ் செலவை எடுத்து மச்சாளின் கையில் கொடுத்தார்கள். அண்ணாவியார் மத்தளத்தைக் கீழே வைத்துவிட்டு, “நீ போய்ட்டு வா தங்கச்சி. அம்மாள் ஒரு மாசத்துக்கு உன்னத் தேட மாட்டா” என்றார். பெத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துண்டை வாங்கினார்.

சட்டிக்குள் இருக்கும் மருந்து

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. முதற் புதன்கிழமைகளில் எல்லோரும் ஆளுக்கொரு கறி கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலைச் சுண்டல், வல்லாரைச் சம்பல், வாழைப்பூ வறை, சூடை மீன் புளியாணம், கடைசியில் எருமைத் தயிர். காலைச் சாப்பாட்டுக்குக் குரக்கன் பிட்டு அவிக்கும் வழக்கமும் இப்போது பல வீடுகளில் திரும்பியிருக்கிறதாம்.

இவற்றில் ஒன்றும் புதியதல்ல. ஆனால் நடுவில் மறக்கப்பட்டவை. நிவாரணத்துக்கு வந்த கோதுமை மாவில் சமைத்துப் பழகிய வீடுகளில், யுத்தம் முடிந்த பின்னும் ரொட்டியும் பாணுமே தங்கிவிட்டன. குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. முள்ளோடு சப்பித் தின்னும் சின்ன மீன்களிலும் கல்சியம் நிறைய உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக வலுவிழக்கும். அந்தக் காலத்துக்கு இவை வேண்டிய உணவுகள். தசை வற்றாமலிருக்கப் பயறு, பருப்பு, முட்டை, மீன் ஏதாவதொன்று ஒவ்வொரு வேளையும் வேண்டும். வயது போனவர்களுக்குக் கஞ்சித்தண்ணி போதும் என்ற எண்ணம் தவறு.

சீனிக் கணக்கு ஒன்றும் அங்கே போடப்பட்டது. நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி. ஒரு கரண்டி ஐந்து கிராமென்றால் நாளைக்கு 50 கிராம். பத்து நாளில் அரைக் கிலோ. மாதத்தில் ஒன்றரைக் கிலோ. தேத்தண்ணியில் மட்டும் இவ்வளவு என்றபோது பெத்தாமார் வாயில் கை வைத்தார்கள். நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆலோசனை. உப்பு எல்லாமாக நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். கருவாட்டை வெந்நீரில் ஊறவிட்டு அந்த நீரை ஊற்றிவிடுவது இப்போது அங்கே வழக்கமாகியிருக்கிறது.

பாட்டுக்கும் ஆயுளுக்கும் என்ன உறவு?

சோதனையும் சாப்பாடும் விளங்குகிறது. பாட்டும் ஆட்டமும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கலைகளுக்கும் சுகத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019 இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. 900 க்கு மேற்பட்ட வெளியீடுகளைத் தொகுத்துப் பார்த்து, பாடுதல், ஆடுதல், கைவினை போன்றவை நோயைத் தடுப்பதிலும் நோயோடு வாழ்பவர்களைத் தாங்குவதிலும் உதவுகின்றன என்று அது கூறியது. 2024 இல் லான்செற் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு, மறதி நோயைக் கூட்டும் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் அதில் இருக்கின்றன. ஆட்களோடு பழகாமல் ஒதுங்கியிருப்பதும், குறைந்த கேள்திறனும், சிகிச்சை செய்யாத பார்வைக் குறைவும் அதே பட்டியலில் இருக்கின்றன.

படுவான்கரையில் நான் கண்டது இதைவிட எளிமையானது. பிரசர் பார்க்க வா என்றால் வராத பெத்தா பாட்டுப் பாட வருகிறார். வந்த இடத்தில் பிரசரும் பார்க்கப்படுகிறது. ஒருவர் இரண்டு கிழமை வராவிட்டால் மூன்றாம் கிழமை தேடிப் போகிறார்கள். பன்னை நிறம் பிரிக்க ஒருவர் தடுமாறியபோதுதான் அவருடைய கண்ணில் வெள்ளை படர்ந்திருப்பது தெரியவந்ததாம். சத்திரசிகிச்சைக்குப் பின் அவர் இப்போது சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரிக்கிறார். சேர்ந்து பாடுகிறவர்களுக்கு மற்றவரின் குரலில் ஏற்படும் மாற்றம் தெரியும். ஒரு குரவை சுருங்கியதை முதலில் அறிந்தது ஒரு மச்சாளின் காது.

வைகாசியில்

குளிர்த்திக்கு மீண்டும் போனேன். கண்ணகி அம்மனின் வெம்மை தணியக் குளிர்த்தி பாடுவது எங்கள் பக்கத்து மரபு. அம்மை நோயும் வெப்பு நோயும் அண்டாமலிருக்க ஊரே வேண்டிக்கொள்ளும் நாள் அது.

பெத்தாவின் முடிவு அதற்குள் வந்திருந்தது. வாயிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் இனிப் பாக்கு ஒரு துண்டும் கூடாது. வாய்க்கான பயிற்சிகளைத் தினமும் செய்ய வேண்டும். சொன்ன தவணைகளில் தவறாமல் காட்ட வேண்டும். இறுகிய வாய் முழுவதும் பழைய நிலைக்கு வராது என்பதையும் வைத்தியர் மறைக்காமல் சொன்னாராம். வெற்றிலைத் தட்டத்தை அவர் மச்சாளின் வீட்டில் கொடுத்துவிட்டார். வாய் தேடும்போது ஏலம், கராம்பு மெல்லுகிறார். முதல் இரண்டு கிழமையும் நித்திரை இல்லை, கோபம் கோபமாக வந்தது என்றார்.

பாடல் முடியும் இடத்தில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பேத்தியின் தோளில் கை வைத்தார். அந்தப் பதினொரு வயதுப் பிள்ளையின் குரவை முதலில் எழும்பியது. கொஞ்சம் மெல்லியது, ஆனால் நீளமானது. பிறகு மச்சாள், பிறகு எல்லோரும். பெத்தா சல்லாரியைத் தட்டிக்கொண்டு நின்றார்.

வாசகியரே, உங்கள் ஊரிலும் ஒரு பல்தேவைக் கட்டடம் இருக்கும், ஒரு வேம்பு இருக்கும், பாட்டுத் தெரிந்த பாட்டிமார் இருப்பார்கள். கிழமைக்கு ஒரு பின்னேரத்தை அவர்களுக்காக ஒதுக்குங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் மாதத்தில் ஒருநாள் வரச்சொல்லிக் கேளுங்கள். 35 வயதைக் கடந்திருந்தால் சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாளைக் கேட்டறிந்து, தனியே போகக் கூச்சமென்றால் இரண்டு பேராகப் போங்கள். மாதம் ஒருமுறை மார்பகங்களை நீங்களே தடவிப் பாருங்கள். கட்டியோ, தோலில் மாற்றமோ, முலைக்காம்பில் கசிவோ கண்டால் அந்தக் கிழமையே காட்டுங்கள். வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே மூன்று விரல்களை வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்கள் போகாவிட்டால், அல்லது இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ இருந்தால், அருகிலுள்ள வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். “நான் போனா வீட்டை ஆர் பாக்கிற?” என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு ஒரு பதிலை முதலே ஆயத்தமாக வைத்திருங்கள்.